புளிக்கு வந்த தொண்டர்

இதுவரை உலகத்தில் நடந்த அத்தனை போர்களுக்கும் காரணம் மண்ணும் அல்ல, மன்னர்களும் அல்லர், மோசமான மொழிபெயர்ப்பாளர்களே. இது மதலைமுத்துவின் முடிவு. பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது இந்த முடிவுக்கு வந்தான். அதன் பிறகு வேறொரு முடிவுக்கு வர அவனுக்கு அவசியம் ஏற்படவில்லை. வேலையும் ஏற்படவில்லை. வயது இருபத்தேழு ஆகியிருந்தது.

"ஒருத்தன் சொன்னத இன்னொருத்தங்கிட்ட அப்படியே கொண்டுபோயி வெக்கிறதுக்கு ஆளில்ல. அதான் இந்த ஒலகத்துக்கு இருக்கிற ஒரே வியாதி" என்று கடத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து சொல்வான்.

"வியாதிய அப்புறம் பாப்பம். பெஞ்ச வுட்டு எந்திரி, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க உக்காரட்டும்" என்பார் கடைக்காரர் முனிராஜ்.

வியாதிக்கு அவன் காட்டும் உதாரணம், அவன் ஊரான சம்மனசுபட்டியின் மாதா கோயில் உபதேசியார் இன்னாசி. பங்குச் சாமியார் ஊரில் இல்லாதபோது வெளிநாட்டிலிருந்து யாராவது வந்துவிட்டால், பேச்சை மாற்றிச் சொல்வது இன்னாசியின் பொறுப்பு. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒரே ஒரு வாக்கியம். போன வருசம் பெல்ஜியத்திலிருந்து வந்த கன்னியாஸ்திரி ஒருவர், தாங்கள் கொடுத்த எருமை எப்படி இருக்கிறது என்று, அதை வாங்கிய செல்லி என்ற பெண்ணிடம் கேட்டார். "அது தை மாசமே செத்துப்போச்சுங்க" என்றாள் செல்லி. இன்னாசி கையைக் கட்டிக்கொண்டு, "வெரி ஹாப்பி, சிஸ்டர்" என்றார். கன்னியாஸ்திரி செல்லியின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மதலைமுத்து இதை டீக்கடையில் நடித்துக் காட்டுவான். கை கட்டுவதிலும் கழுத்தைச் சாய்ப்பதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு நாள் இன்னாசியே நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் செய்யிற தம்பி."

"அதெப்படிங்க உபதேசியாரே, செத்த எருமை சந்தோசமா இருக்கும்?"

"எருமை சந்தோசமா இருக்குதுன்னா சொன்னேன்? யாருன்னு நான் சொல்லவே இல்லியே. அந்தம்மாதான் ரொம்ப தூரத்துலருந்து வந்திருந்தாங்க. அவங்களாவது இருந்துட்டுப் போவட்டும்னு சொன்னேன்."

கடை முழுக்கச் சிரித்தது. மதலைமுத்து இந்தப் பதிலையும் நடிப்பில் சேர்த்துக்கொண்டான்.

1986ஆம் வருசம் மாசி மாதம் சம்மனசுபட்டிக்கு யோகான் வந்து இறங்கினார். டென்மார்க்குக்காரர். அங்கே ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். கம்பெனி செய்வது, பிளம் என்கிற பழத்திலிருந்து கொட்டையைப் பிரித்தெடுக்கும் எந்திரம். லாபம் கூடிப்போனதாலோ, மனசாட்சி உறுத்தியதாலோ, அந்தக் கம்பெனி ஒரு திட்டம் போட்டிருந்தது: ஆண்டுக்கு இரண்டு ஊழியர்களைச் சம்பளத்தோடு ஏழை நாடுகளுக்கு அனுப்பும், அவரவர் தமக்குத் தெரிந்த தொழிலை மூன்று மாதம் அங்கே சேவையாகச் செய்துவிட்டு வர வேண்டும். சாமியார் கடிதம் எழுதிக் கேட்டது ஒரு டாக்டரை. கம்பெனியில் டாக்டர் இல்லை. கொட்டை எடுப்பவர் இருந்தார்.

யோகான் என்றால் பைபிளில் வரும் நம் அருளப்பர்தான் என்று இன்னாசி விளக்கம் சொன்னதால், ஊர் அவரை அருளப்பன் தொரை ஆக்கிக்கொண்டது. பேச்சை மாற்றிச் சொல்ல மதலைமுத்துவைச் சாமியார் அமர்த்தினார். தன் வாழ்நாளில் முதல் முறையாக மதலைமுத்து சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

வேலையில் அவனைக் குறை சொல்ல இடமில்லை. முதல் நாள் தொரை அரைக்கால் டவுசரோடு சென்றாயனின் புளி மண்டிக்குள் நுழைந்தபோது, புளி தட்டிக்கொண்டிருந்த கண்ணம்மாள், "இதென்னாடி, பாதித் துணியோட வந்திருக்கறாரு, மீதியத் தையக்காரன் எடுத்துக்கிட்டானா?" என்றாள். மதலைமுத்து அதை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் வைத்தான். யோகான் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளிலிருந்து முழுக்கால் பேண்ட். பார்த்தீர்களா, உள்ளதை உள்ளபடி சொன்னால் வெள்ளைக்காரன்கூடக் காலை மூடிக்கொள்கிறான் என்று டீக்கடையில் தெரிவித்தான்.

அந்த மண்டியில் நாற்பது பெண்கள். மாசி தொடங்கிச் சித்திரை வரைக்கும் ஓடு நீக்கிய புளியைக் கருங்கல்லில் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். எடை போட்டுக் கூலி. கூலியோடு கொட்டையும் அவர்களுக்குத்தான். மாவு மில்லுக்குப் போடுவார்கள், மிச்சத்தை வறுத்துத் தின்பார்கள். கட்டைவிரல்களைப் புளி தின்று தின்று அவை கருத்து வெடித்திருக்கும். யோகான் ஒவ்வொருத்தியின் கையாக வாங்கிப் பார்த்தார். மதலைமுத்துவின் அக்கா ராயம்மாளின் கையையும் பார்த்தார். அவள் புருசன் பெங்களூரில் கட்டட வேலை. மாதா திருவிழாவுக்கு மட்டும் வருவான். மதலைமுத்து பி.ஏ. படித்தது அந்தக் கையில்தான். யோகானுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே எந்திரத்துக்குப் படம் போட உட்கார்ந்தார்.

இரண்டு மாதத்தில் எந்திரம் தயாராகி நின்றது. மூன்று பேஸ் கரண்டு சென்றாயன் மண்டியில்தான் உண்டு என்பதால் அங்கேயே நின்றது. ஒரு பக்கம் புளியைப் போட்டால் மறுபக்கம் கொட்டை நொறுங்கித் தனியாக விழுந்தது. நாற்பது பேர் ஒரு நாள் செய்வதை ஆறு பேரை வைத்து மத்தியானத்துக்குள் முடித்தது. சென்றாயன் எந்திரத்துக்குச் சந்தனம் பூசினார்.

ஆனால் யோகான் நேர்மையான மனிதர். "யாருக்காகச் செய்தோமோ அவர்கள் வேண்டாம் என்றால் எந்திரத்தைக் கழற்றிவிட வேண்டும். இது எங்கள் கம்பெனி விதி. அந்தப் பெண்கள் வாயால் நான் கேட்க வேண்டும்" என்றார். சனிக்கிழமை மண்டியில் கூட்டம் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை சாமியார் மதலைமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அவங்க சம்மதம்னு எழுதிட்டுப் போனா இன்னும் பத்து மிசினுக்குப் பணம் வருது முத்து. சுத்துப்பட்டு மண்டிக்கெல்லாம் போடலாம். அதையெல்லாம் பாத்துக்க நம்ம கோயில் சொசைட்டிக்கு ஒரு ஆபீசர் வேணும். மாசச் சம்பளம். உன் பேரத்தான் எழுதியிருக்கேன்."

"பொம்பளைங்க வேணாம்னு சொன்னா சாமி?"

"நான் இன்னிக்கு சேலம் ஆயர் இல்லத்துக்குப் போறேன். நாளைக்கு இருக்க மாட்டேன். நீ படிச்சவன். பாத்து எடுத்துச் சொல்லு."

சாமியார் பொய் சொல்லச் சொல்லவில்லை என்பதை மதலைமுத்து கவனித்தான். வழியெல்லாம் அதையே கவனித்துக்கொண்டு வந்தான்.

சாயங்காலம் வீட்டில் ராயம்மாள் விரல் வெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"டேய் முத்து, நாளைக்கு எல்லாருக்கும் சேத்து என்னப் பேசச் சொல்லிட்டாளுங்க. உன் தம்பிதான இங்கிலீசுல சொல்லப் போறான், நீயே பேசுன்னுட்டாளுங்க."

"பேசு."

"நான் எப்படிப் பேசுறனோ அப்படியே சொல்லணும். இன்னாசி மாதிரி மென்னு முழுங்கக் கூடாது."

"நானா?" என்றான் மதலைமுத்து.

சனிக்கிழமை மண்டியில் நாற்பது பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் யோகான், மடியில் அறிக்கைத் தாள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு இன்னாசி ஒரு ஓரமாக நின்றார். ராயம்மாள் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"தொரைக்குக் கும்புடு சொல்லு. எங்க கையப் பாத்து இதுவரைக்கும் ஒருத்தரும் பரிதாபப்பட்டதில்ல. அவருக்கு நல்ல மனசு. ஆனா, இந்தக் கை கருக்கலன்னா எங்கூட்டு அடுப்பு கருக்காது. மிசினு ஓடுனா ஆறு பேருக்கு வேல, மீதி முப்பத்தி நாலு பேரு எங்க போறது? கொட்டையயும் அது நொறுக்கிப் போடுது. அதனால மிசினு எங்களுக்கு வேணாம்னு சொல்லு. அவருக்குத் தொழிலு தெரியும்னா ஒன்னே ஒன்னு செய்யச் சொல்லு. கல்லு மேல தட்டும்போது சில்லு பேந்து கண்ணுல அடிக்குது. ஆளுக்கொரு இரும்புப் பலகை அடிச்சுக் குடுக்கட்டும். அதுல வெச்சுத் தட்டிக்கிறோம். அது போதும்."

முப்பத்தொன்பது தலைகள் ஆடின. யோகான் மதலைமுத்துவைப் பார்த்தார். இரும்புப் பலகை என்றால் அவருக்கு இரண்டு நாள் வேலை. சொன்னால் சந்தோசமாகச் செய்வார் என்பது மதலைமுத்துவுக்குத் தெரியும். மாசச் சம்பளம் வந்தால் அக்கா கல்லில் தட்டவே வேண்டாம் என்பதும் தெரியும். மீதி முப்பத்து மூன்று பேரை அவன் எண்ணவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எங்கள் கைகளைக் கண்டு இரங்கிய முதல் மனிதர் நீங்கள்தான் என்கிறார்" என்று அழகான ஆங்கிலத்தில் தொடங்கினான். அது வரைக்கும் சரி. "இந்த எந்திரத்தின் ஓசை எங்கள் வீட்டு அடுப்பு எரிகிற ஓசையாக இருக்கட்டும் என்கிறார். இந்த ஊரோடு நில்லாமல், எங்களைப் போன்ற பெண்கள் எங்கெல்லாம் கை வெடித்து உட்கார்ந்திருக்கிறார்களோ, அங்கெல்லாம் இது போய்ச் சேர வேண்டும் என்று இவர்கள் எல்லோரும் விரும்புகிறார்கள்."

கல்லும் கண்ணும் அதில் எங்கேயும் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை.

ராயம்மாளுக்குத் திருப்தி. "நான் பேசுனதவுட நீளமாவே சொல்றான் பாத்தியா? ஒன்னையும் வுடல" என்று கண்ணம்மாளிடம் சொன்னாள். யோகான் எழுந்து வந்து அவளைப் பார்த்துக் கும்பிட்டார். கண் நிறைந்திருந்தது.

"ஒத்துக்கிட்டாரு" என்றாள் ராயம்மாள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து. பெண்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

அறிக்கைத் தாளில் ஒரு கைநாட்டு வேண்டியிருந்தது. இன்னாசி பதிவேட்டுக்குள்ளிருந்து மைப்பெட்டியை எடுத்து நீட்டினார். அவர் மதலைமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியைத் திறப்பதிலேயே கவனமாக இருந்தார். ராயம்மாள் கட்டைவிரலை மையில் வைத்துத் தாளில் வைத்தாள். ரேகையெல்லாம் புளி தின்றிருந்தது. வெறும் கருப்புதான் விழுந்தது.

"என்னாடா எழுதியிருக்குது இதுல?"

"நீ சொன்னதுதான்க்கா."

அவள் கையைப் பிடித்து, விரலைப் புரட்டி, இன்னொரு முறை வைத்தான்.

"லேசா வெக்கிறியே, நல்லா அழுத்துடா" என்றாள் அக்கா. "அவங்க ஊருல போயி ஒழுங்காத் தெரியணும்ல."

மதலைமுத்து அழுத்தினான்.