மேல்வரிசையின் உள்பக்கம்

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்துகொண்டு, தன் பல்லை மட்டும் டாக்டரிடம் காட்டாமல் இத்தனை வருடம் ஓட்டியவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. "உன் வாயையும் ஒருநாள் பார்த்துடலாமே" என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு வேலை முளைத்துவிடும். முகக்கவசத்தை இறக்கவே மாட்டாள். வரவேற்பில் இருந்த பெண் ‘மூடி அக்கா’ என்று பெயரே வைத்துவிட்டாள். அதற்கும் சிரித்து வைப்பாள். சிரிப்பதுகூட அலுப்பாகத்தான் இருந்தது.

பகல் முழுக்கத் தேநீரைக் குடித்து வயிற்றை ஏமாற்றுவாள். வீட்டுக்குப் போனதும், ஆள் இல்லாத நேரம் பார்த்து, சமையலறையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்பாள். பசிக்காக இல்லை, ருசிக்காகவும் இல்லை. நிறுத்த முடியாது, அவ்வளவுதான். பிறகு குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாந்தி எடுப்பாள். நாளையிலிருந்து இல்லை என்று சத்தியம் செய்வாள். நாளை வந்ததும் சத்தியமும் சாப்பாட்டோடு போகும். உடம்பு இளைக்கவுமில்லை, பெருக்கவுமில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருமுறை சத்தம் கேட்ட நாத்தனார் முகமெல்லாம் மலர்ந்து, "என்ன அண்ணி, ஏதாவது விசேஷமா?" என்றாள். "பித்தம்" என்று சொல்லித் தப்பித்தாள்.

அன்று ஓர் அம்மா தன் மகளோடு வந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். தண்ணீர் குடித்தாலே பல் கூசுகிறதாம். டாக்டர் கண்ணாடியை உள்ளே விட, மூடி அக்கா எச்சில் உறிஞ்சும் குழாயோடு குனிந்தாள். மேல்வரிசை முன்பற்கள் வெளியே பளிச்சென்று இருந்தன. உள்பக்கம் எனாமல் கரைந்து, வழவழவென்று மஞ்சள் தட்டியிருந்தது. காதுக்குக் கீழே லேசான வீக்கம். மூடி அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது தன்னுடைய வாயேதான்.

"அடிக்கடி வாந்தி வருமா?" என்றார் டாக்டர்.

வாயில் கருவியை வைத்திருக்கும் பெண் எப்படிப் பதில் சொல்வாள்? அம்மா முந்திக்கொண்டாள். "சேச்சே, அதெல்லாம் இல்லைங்க. புளிப்புன்னா உசிரு, அதனாலயா இருக்கும்."

டாக்டர் நம்பினாரோ என்னவோ, விவரம் கேட்க அம்மாவைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். பெண் வாய் கொப்பளித்தாள். மூடி அக்கா சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவள் வழக்கமே இல்லை.

"வாந்தி எடுத்த உடனே பல்லு தேய்க்காதம்மா. வெறும் தண்ணில கொப்பளி. இல்லன்னா இன்னும் அரிச்சிடும்."

பெண் நிமிரவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு ஆயிரம் பொய் அவளிடம் தயாராக இருந்தது. ஒன்றைக்கூட எடுத்து நீட்ட அன்று தெம்பில்லை.

"எனக்கும் அதுதான்."

பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. "நிறுத்தத்தான்க்கா பாக்குறேன். முடியல. தெரிஞ்சா அழகுக்காகப் பண்றா, திமிர்னு சொல்வாங்க."

"திமிர் இல்லம்மா, நோய். வைத்தியம் இருக்கு. இதைப் பாக்குற மனநல டாக்டருங்க இருக்காங்க."

"நீங்க போனீங்களா?"

மூடி அக்கா குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெண்ணே மறுபடி பேசினாள். "அம்மாகிட்ட நீங்க சொல்லுங்கக்கா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். டாக்டரும் பக்கத்திலேயே நிற்பார். பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றிய குட்டு உடைந்துவிடும், வேலை போனாலும் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணும் பித்தம் என்று சொல்லப் பழகிவிடுவாள். அதை நினைத்ததும் அவளுக்குப் பயத்தைவிடச் சலிப்புதான் பெரிதாக வந்தது. ஒருத்தி வயது இதில் வீணானது போதாதா?

டாக்டரும் அம்மாவும் திரும்பி வந்தார்கள்.

"உங்க பொண்ணு சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துடறாங்கம்மா" என்றாள் மூடி அக்கா. "வேணும்னு பண்றதில்ல. அவங்களால நிறுத்த முடியல. அது ஒரு நோய்."

அம்மா டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். "இவங்க என்னங்க சொல்றாங்க? வைக்கிற தட்டைத் துடைச்சு வைக்கிற பிள்ளைங்க இது. அவ அண்ணனைவிட நல்லா சாப்பிடுவா."

மூடி அக்கா டாக்டரின் பக்கம் திரும்பவில்லை.

"நானும் நல்லாத்தாம்மா சாப்பிடுறேன்" என்றாள்.

அம்மாவுக்கு உடனே புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்துவிட்டது.