நேற்றைய தாள்

நேற்றைய தாளைப் பார்த்து இன்றைய ரயிலை ஓட்டினேன். முப்பத்தோரு வருட அனுபவம் இதற்குத்தான் உதவியது. தென் ஆஸ்திரேலியாவின் எங்கள் கோதுமைப் பாதையில் சிக்னல் கிடையாது. எதுவரை போகலாம் என்று கட்டுப்பாட்டு அறை ரேடியோவில் சொல்லும். ஓட்டுநர் அதைத் தாளில் எழுதித் திருப்பி வாசிக்க வேண்டும். முந்தின நாள் யார்லூவைத் தாண்டியும் போகலாம்; அன்று யார்லூ வரைதான். சரியாக எழுதினேன், சரியாக வாசித்தேன். பிறகு அந்தத் தாளை நேற்றைய தாளுக்கு அடியில் செருகிவிட்டு, நாற்பது பெட்டிக் கோதுமையோடு யார்லூ எல்லைப் பலகையைத் தாண்டினேன். பலகைக்குக் கை வேறு காட்டினேன்.

அந்தப் பக்கம், யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், பாதை பழுதுபார்க்கும் லொரெய்னும் அவள் ஆட்கள் மூன்று பேரும் தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்த நொயலின், ரயில்கள் எங்கே என்று காட்டும் திரையைத் தற்செயலாகப் பார்த்தாள்.

"க்ளிஃப், எங்கப்பா போற? நிறுத்து. இப்பவே நிறுத்து."

வளைவு திரும்பி ஊர்ந்து நின்றபோது மஞ்சள் சட்டைகளை எண்ண முடிந்தது. நான்கு.

விசாரணையில், பழைய முறையா புதிய முறையா, எது பாதுகாப்பானது என்று கேட்டார்கள். முன்பு பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு பித்தளைக் கோல் இருந்தது. அது கையில் இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விட்டேன். ஆறு மணி நேரம் ஒரு ரயிலும் அசையவில்லை. பாதை நெடுக என்னைத் திட்டினார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

"அப்போ நான் முட்டாளா இருந்தா ரயில் நின்னுச்சு. இப்போ ஓடுது" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

மறுபயிற்சிக்குப் பின் ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட ஒரு படிவம் தந்தார்கள். போட முடியவில்லை. நொயலின் கூப்பிடாவிட்டால் நானாக நிறுத்தியிருப்பேனா? நான் இதைக் கேட்டவர்களெல்லாம் முதுகில் தட்டினார்கள். நன்றி சொல்ல நொயலினுக்குக் கேக் வாங்கிப் போய் அவளிடமும் கேட்டேன். கிரீம் நன்றாக இருக்கிறது என்றாள்.

கடைசியில் லொரெய்னிடம் போனேன். லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்களப் பாத்ததும் நானே நிறுத்தியிருப்பேன்ல?"

"இல்ல பெரிசு. வளைவுலருந்து நடந்து அளந்து பாத்துட்டேன். நானூறு மீட்டர். உன் பாரத்துக்கு நிக்க ஒரு கிலோமீட்டராவது வேணும். நாங்க நாலு பேரும் செத்திருப்போம்."

ஃபிளாஸ்க் மூடியில் விழுந்த ஈயை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, அதில் டீயை ஊற்றி என்னிடம் நீட்டினாள். மறு கையால் பின்பலகையில் கிடந்த சரக்குக் கட்டும் பட்டைகளைத் தள்ளி, நான் உட்கார இடம் பண்ணினாள்.