அந்தக் 'கிர்ர்' யாருடையது?

டமார்!

தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தத்தில் மமெலோடி ஊர் முழுக்க நாய்கள் குரைத்தன. மொகாடியின் மேஜையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் பளிச்சென்று ஒருமுறை மின்னியது. பிறகு கருகிய வாடை மட்டும் மிச்சம்.

"ஐயோ, இப்பவா! இன்னிக்கேவா!"

அடுப்படியிலிருந்து தங்கை டினெயோ எட்டிப் பார்த்தாள். "கரண்ட் இப்பதானே வந்துச்சு? அதுக்குள்ள போயிடுச்சா?"

"கரண்ட் போனா போகட்டும்டி. என் பாட்டு போயிடுச்சு."

காலையில்தான் அந்த போன் வந்திருந்தது. பேசியது மா மலோபே என்கிற அம்மாள். பிரிட்டோரியாவில் அமாபியானோ என்கிற நடன இசைப் பாட்டுகளை வெளியிடுகிறவர்களில் அவருக்குத் தனி மரியாதை. அவர் கை வைத்தால் பாட்டு நாடு முழுக்கப் போகும்.

"டாக்ஸியில யாரோ எடுத்த வீடியோ பார்த்தேன் பொண்ணு. அந்த லாக் டிரம் இருக்கே, கடைசியில கிர்ர்னு ஒரு உறுமல் உறுமுதே, அது என்னைத் தூங்க விடல. யாருதுன்னு விசாரிச்சா ரெண்டு பேர் சொல்றாங்க. நீ உன்னுதுங்கிறியாம். லெரூமோன்னு ஒருத்தன் அவனுதுங்கிறான்."

"என்னுதுதான் மா. அவன் என்கூட வேலை செஞ்சவன், அவ்வளவுதான்."

"அப்படியா? சனிக்கிழமை ரெண்டு பேரும் ஸ்டூடியோவுக்கு வாங்க. பழைய ஃபைலு, பென் டிரைவு எதுவும் கொண்டு வரக் கூடாது. வெறும் திரையில ஆரம்பிச்சு, என் கண்ணு முன்னாடி அந்த ஒலியை உண்டாக்கணும். உண்டாக்குறவங்க பேருதான் பாட்டுல வரும்."

மொகாடி தைரியமாகச் சரியென்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். அந்த லாக் டிரம்மை, அமாபியானோவுக்கு உயிரான அந்த மேள ஒலியை, அவள்தான் உண்டாக்கினாள். சத்தியம். ஆனால் எப்படி உண்டாக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மழை பெய்த ஒரு மதியம், லெரூமோ மக்வின்யா போண்டா வாங்கப் போயிருந்த நேரம். கணினியில் எஃப்.எம். என்று புது ஒலிகளை உண்டாக்கும் ஒரு கருவி. அதன் பொத்தான்களை இஷ்டத்துக்குத் திருகிக்கொண்டிருந்தாள். திடீரென்று மரக்கட்டையில் தட்டியது போல ஒரு 'டொக்', அதன் பின்னால் அடிவயிற்றுக்கு இறங்கும் ஒரு 'தூம்'. துள்ளிக் குதித்துச் சேமித்து வைத்தாள். எந்தப் பொத்தான் எங்கே நின்றது என்று பார்க்கவில்லை. இன்று ஃபைலைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் கம்ப்யூட்டரைப் போட்டாள். அதற்குள் டமார்.

டினெயோவின் கல்லூரி லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, இலவச வைஃபை கிடைக்கும் நூலகத்துக்கு ஓடினாள்.

யூடியூபில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. கம்பளித் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் பலகை நிறையக் கணக்கு எழுதினார். ஒன்றும் ஏறவில்லை. இன்னொருவர் எஃப்.எம்.மின் சரித்திரத்தையே சொல்லி முடித்துக் கடைசியில் ஒரு மணிச் சத்தம் செய்து காட்டினார். சொவெட்டோக்காரர் ஒருவர் "இன்னிக்கு லாக் டிரம் செய்யப் போறோம் மக்களே" என்று கை தட்டியபோது மொகாடி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவர் பாதி வரை சொல்லி, மீதி அடுத்த பாடத்தில் என்றார். அடுத்த பாடத்தை அவர் போடவே இல்லை. கீழே நூறு பேர் திட்டியிருந்தார்கள். மொகாடியும் ஒரு திட்டு சேர்த்துவிட்டு அந்தப் பாதியையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அந்தப் பாதியில்தான் கதவு திறந்தது. எஃப்.எம். கருவியில் இரண்டு அலைகள். ஒன்று பாடும். இன்னொன்று பாடாது. பாடுகிற அலையின் தோளைப் பிடித்து உலுக்கும், அவ்வளவுதான். உலுக்குகிறது யாரென்று நமக்குக் கேட்காது, உலுக்கல்தான் கேட்கும். மெல்ல உலுக்கினால் குழல். பலமாக உலுக்கினால் தகரம். உலுக்கும் வேகம் பாடுகிறவனோடு ஒத்துப் போகாவிட்டால் மணி.

புரிந்தது. கைக்குத்தான் வரவில்லை. அவள் எதைச் செய்தாலும் மணியாகவே வந்தது.

"அக்கா, இது வீடா சர்ச்சா?" என்றாள் டினெயோ. "காலையிலேர்ந்து மணி அடிக்கிற. பாதிரியார் எப்ப வருவாரு?"

"வாயை மூடு."

"லெரூமோ என்ன பண்றானாம்?"

"அவனுக்கென்ன, புதுத் தொப்பி வாங்கிட்டுத் திரியறானாம்."

"பயப்படாம இருக்கான்னா, எப்படிச் செய்றதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்த வார்த்தை மொகாடியின் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது. அவன் அன்று பின்னால் நின்று பார்த்திருப்பானோ? பொத்தான்களை மனப்பாடம் செய்திருப்பானோ? அப்படியானால் சனிக்கிழமை அவன் உட்கார்ந்த இடத்திலேயே செய்துவிடுவான். அவள் சொந்த ஒலியைத் திருடிய பெண்ணாக வீடு திரும்புவாள்.

வியாழக்கிழமை 'டொக்' வந்தது. உலுக்கும் அலையை ஒரு கணம் மட்டும் விட்டுச் சட்டென்று அடக்க வேண்டும். அதுதான் சூட்சுமம். உலுக்கல் நின்றதும் மிச்சமிருக்கும் வெறும் அலை 'தூம்' என்று கீழே இறங்கியது. மொகாடிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனால் 'கிர்ர்' இல்லை.

மா மலோபேவைத் தூங்க விடாத அந்த உறுமல். டாக்ஸியில் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது பாட்டோடு சேர்ந்தே பதிந்திருந்தது. உலுக்கலைக் கூட்டினாள்: தகரம். வேகத்தை மாற்றினாள்: மறுபடி மணி. மூன்றாவதாக ஓர் அலையைச் சேர்த்தாள்: ஆடு கத்தியது. சோறு இறங்கவில்லை. பல் தேய்க்கும்போதும் வாய் 'டொக் தூம் கிர்ர்' என்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்ஸி நிறுத்தத்தில் டிரைவர் மொத்தாபோவின் வெள்ளை ஷேர் வேனில் ஏறினாள். அவள் பாட்டை முதலில் ஊருக்குள் ஓடவிட்டவர் அவர்தான். பின் சீட்டுக்கு அடியில் சவப்பெட்டி அளவுக்கு ஸ்பீக்கர் வைத்திருப்பவர். வீடியோவும் அந்தப் பின் சீட்டில் எடுத்ததுதான்.

"மாமா, என் பாட்டைப் போடுங்களேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"உன் பாட்டைக் கேக்க நீயே காசு குடுத்து ஏறியிருக்க. நல்ல பொழப்பு!" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

டொக். தூம். இடுப்பெலும்பு அதிர்ந்தது. மொகாடி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். டொக். தூம். அவ்வளவுதான்.

"மாமா! கிர்ர் எங்கே?"

"எது?"

"கடைசியில கிர்ர்னு வருமே!"

"ஓ, அதுவா!" மொத்தாபோ கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "தூம் அடிக்கிறப்பல்லாம் பின்னாடி நம்பர் பிளேட்டு ஆடிக்கிட்டிருந்துச்சும்மா. போலீஸ்காரன் நிறுத்தி, அபராதம் எழுதிருவேன்னு மிரட்டினான். முந்தாநாள்தான் ஸ்க்ரூ முடுக்கி, அடியில அட்டை சொருகினேன். இப்ப சத்தமே இல்ல பாரு. சுகமா இருக்கில்ல?"

மொகாடிக்குச் சிரிப்பு பொங்கியது. பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். அடுத்த தெருவுக்குள் அந்தச் சிரிப்பு வற்றிப் போனது. மா மலோபே கேட்பது கிர்ர். அந்தக் கிர்ர் அவளுடையதில்லை. யாருடையதும் இல்லை. ஒரு தகரத் துண்டுடையது.

"சொல்லித் தொலைக்காத," என்றாள் வீட்டில் விஷயத்தைக் கேட்ட டினெயோ. "ஏதாவது ஒரு கிர்ரைப் போட்டுட்டு வா. அந்தம்மா காதுல மைக்ராஸ்கோப்பா வெச்சிருக்கு?"

"அது பொய்டி."

"பொய்தான். லெரூமோ மட்டும் என்ன, பைபிள் படிக்கவா வரான்?"

மறுநாள் ஸ்டூடியோவில் மா மலோபே தட்டு நிறையப் பொரித்த கோழியோடு உட்கார்ந்திருந்தார். லெரூமோ இன்னும் வரவில்லை.

"அவன் வரும்போது வரட்டும். நீ ஆரம்பி."

வெறும் திரை. மொகாடியின் விரல்கள் ஈரத்தில் வழுக்கின. முதல் அலையை வைத்தாள். ஊ என்று அனாதையாக ஊளையிட்டது. இரண்டாவதை மாட்டினாள். தட்டினாள். மணி! ரத்தம் முகத்துக்கு ஏறியது. மா மலோபே கோழி எலும்பை மெல்லக் கீழே வைத்தார். இரண்டு அலைகளின் வேகத்தையும் ஒன்றாக்கினாள். உலுக்கலை அடக்கினாள். சுருதியைக் கீழே இறக்கினாள். தட்டினாள்.

டொக். தூம்.

மா மலோபேவின் செருப்பு தரையில் ஒருமுறை தட்டியது. இன்னொரு முறையும் தட்டியது.

"ம். இதான். இதேதான்," என்றார். பிறகு புருவம் நெரிந்தது. "கிர்ர் எங்கே?"

பொய் சொல்வது எவ்வளவு எளிது என்று மொகாடிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பொத்தானைத் திருகினால் போதும். ஆடு கத்தினாலும் இதுதான் என்று சாதிக்கலாம்.

"அது நான் செய்யல மா," என்றாள். "மொத்தாபோ மாமா டாக்ஸியில நம்பர் பிளேட்டு ஆடினது. வீடியோவுல அதுதான் விழுந்திருக்கு. இப்ப ஸ்க்ரூ போட்டுட்டாரு. போன் பண்ணிக் கேளுங்க."



"நம்பர் பிளேட்டா?" மா மலோபே எழுந்து நின்றுவிட்டார். "இத்தனை நாளா நான் கண்ணை மூடி ரசிச்சது ஒரு நம்பர் பிளேட்டையா?"

"ஆமா மா."

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மொத்தாபோவின் எண்ணை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் உதடுகள் அசைவது தெரிந்தது. என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. மொகாடி பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து போய்விடலாமா?

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது கதவு திறந்தது. புதுத் தொப்பியோடு லெரூமோ. கையிரண்டையும் கூப்பி மா மலோபேவுக்கு வணக்கம் சொன்னான். "மன்னிக்கணும் மா, வழியெல்லாம் டிராபிக்." மொகாடியைப் பார்த்துக் கண் சிமிட்டினான். "என்ன அவுசி," என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டான். "முடிச்சாச்சா?"

"முடிச்சுட்டா," என்றார் மா மலோபே. அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. "நீ ஒரு தடவை கேட்டுச் சொல்லு."

டொக். தூம்.

லெரூமோ தலையைச் சாய்த்துக் கேட்டான். முதலில் அவன் கண்கள் லேசாகத் திடுக்கிட்டன. ஒலி அடங்கியதும் நிம்மதியாகச் சிரித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாய்ந்துகொண்டான்.

"இந்த டொக்கு, தூமெல்லாம் யாரு வேணா செய்வாங்க மா. இதுல கிர்ர் எங்கே? அது இவளுக்கு எப்படி வரும்? அது நான் ஒரு வாரம் உக்காந்து, ஒவ்வொரு பொத்தானா திருகி, என் கையால செதுக்கினது!"