முப்பது நாளில் திரும்பிவிடலாம்

லவெல் ப்ரூயிட்டின் இடது கணுக்காலை அவன் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இதை அவன் மனைவியே ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஊரில் ஆட்டம் இருக்கும் நாளெல்லாம் மாலை ஐந்து பத்துக்கு என் மேசையில் ஏறி உட்காருவான். பதினான்கு வருஷப் பழக்கம். இடது கால்தான் முதலில். மறந்துபோய் வலதைத் தொட்டுவிட்டால் அன்றைக்குத் தோல்வி நிச்சயம் என்று அவனுக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. நான் டேப் சுற்றி முடிக்கும்வரை வாயை மூடவே மாட்டான்.

என் பெயர் பெர்னடெட் கோசின்ஸ்கி. பஃபலோ பீக்கன்ஸ் கூடைப்பந்து அணியில் முப்பத்தொரு வருஷமாக ஆட்டக்காரர்களுக்குக் கால் சுளுக்காமலிருக்க டேப் கட்டுகிறேன். இதற்குள் ஒன்பது பயிற்சியாளர்களும் ஆறு மேனேஜர்களும் வந்து போய்விட்டார்கள். என்னை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இந்த விளையாட்டில் எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி மாதம், அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள். பிற்பகல் மூன்று மணியோடு கதவு மூடிவிடும். காலை பத்தரைக்கு லவெல் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

“மிஸ் பெர்னி, என்னை சான் டியேகோ அணிக்குத் தள்ளிவிடப் போறாங்க.”

“எவன் சொன்னான்?”

“மேனேஜர்தான். பதிலுக்கு அந்தக் குவார்ல்ஸ் பையனைத் தர்றாங்களாம், அவன் கேக்கற சம்பளம் அவங்களுக்குக் கட்டுப்படியாகலையாம். நான் சரின்னு சொன்னாத்தான் நடக்கும்.”

அவன் சம்மதம் இல்லாமல் அவனை எங்கேயும் அனுப்ப முடியாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி உண்டு. மொத்த லீக்கிலும் அந்த வரி வாய்த்தவர்கள் மிகக் குறைவு. டிவான் குவார்ல்ஸுக்கு இருபத்துமூன்று வயது, ஆட்டத்துக்கு இருபத்தெட்டுப் புள்ளி போடுகிறவன். லவெலுக்கு முப்பத்தேழு. இந்த வருஷம் பதினொன்றைத் தாண்டவில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் முட்டியை ஐஸ் வாளிக்குள் வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பான். எளிதான பந்தை அவன் தவறவிட்டால் எங்கள் ஊர் ஜனம் கூச்சல் போடாது. அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு எழும். அதற்குக் கூச்சலே தேவலை.

“முடியாதுன்னு சொல்லிட்டு வா. வேலை முடிஞ்சது,” என்றேன்.

“சொல்லிட்டு? ஏப்ரல்லயே தோத்து வீட்டுக்குப் போய் டிவி பாக்கறதா? பதினாலு வருஷமா அதைத்தானே பண்றேன். அந்தப் பையன் வந்தா ஜூன்ல ஆடுவோம், மிஸ் பெர்னி.” கொஞ்சம் நிறுத்தினான். “ஆடுவாங்க.”

இறுதிச் சுற்று ஜூனில்தான் நடக்கும். எங்கள் அணி ஜூனைப் பார்த்ததே இல்லை. அந்த மாதத்தின் பெயரைச் சொல்லும்போது அவன் குரல் எப்போதும் ஒரு மாதிரி இறங்கும்.

“எனக்கு அந்தப் பையனும் வேணும், இந்தச் சட்டையும் வேணும். பெஞ்சுலயாவது உக்காந்துக்கறேன். நாலு நிமிஷம் விட்டா போதும். ரெண்டும் சேந்து கிடைக்காதுல்ல?”

அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் போவது எனக்கும் பொறுக்கவில்லை. அந்த ஆசையில்தான் வாயைத் திறந்தேன்.

“ஏன் கிடைக்காது? நீ வர்றதுக்கு முன்னாடி மார்விஸ் டில்லார்ட்னு ஒருத்தன் இருந்தான். அவனையும் இப்படித்தான் அனுப்பினாங்க. வாங்கினவங்களுக்கு அவன் வேணாம், அந்த வருஷத்தோட முடியற அவன் ஒப்பந்தந்தான் வேணும், அடுத்த வருஷம் சம்பளக் காசு மிச்சம் பாரு. ஒரே வாரத்துல ஒப்பந்தத்தை முடிச்சு விட்டுட்டாங்க. விதிப்படி முப்பது நாள் பொறுத்தான், நம்ம அணிக்கே திரும்பி வந்துட்டான். அவன் லாக்கரைக் கட்டினதும் நான்தான், பிரிச்சு அடுக்கினதும் நான்தான்.”

“என்னையும் விட்டுடுவாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?”

“உன் முட்டிய நம்பி எவன்டா வெச்சுக்குவான்?”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “இதை முகத்துக்கு நேரா சொல்றதுக்கு உங்களை விட்டா ஆளில்ல. சரி, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?”

“மூச்சு விடாதே! திரும்பி வர்றதா முன்கூட்டியே பேசி வெச்சது தெரிஞ்சா லீக்ல ரெண்டு அணியையும் தோலை உரிச்சுடுவாங்க. உன் ஏஜெண்ட்கிட்டயும் சொல்லாதே. அந்த ஆளுகிட்ட ஒண்ணு சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. கையெழுத்தைப் போடு, மார்ச் நடுவுல இதே மேசையில இருப்ப.”

இரண்டு இருபதுக்குக் கையெழுத்துப் போட்டான். நான் மேனேஜர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். “வேற ஏதாவது கேக்கணுமா, லவெல்?” என்று மேனேஜர் கேட்டது எனக்கும் கேட்டது. லவெல் என்னைப் பார்த்துச் சிரித்தான். “ஒண்ணும் இல்ல,” என்றான்.

அவன் லாக்கரை மூன்று அட்டைப் பெட்டியில் கட்டினேன். நீலக் குளியலறைச் செருப்பை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தான். “இது இங்கயே கிடக்கட்டும். வந்ததும் தேட வேணாம் பாருங்க.” அதை என் அலமாரியில் டேப் சுருள்களுக்குக் கீழே வைத்தேன்.

நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. சான் டியேகோவில் அவனை ஒரு நாள்கூடக் களத்தில் இறக்கவில்லை. ஆறாம் நாள் விட்டுவிட்டார்கள். செய்தி வந்த காலை, போலிஷ் பேக்கரியில் ஜாம் வைத்த போன்ச்கி பன் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு, ஒப்பந்தங்களைப் பார்க்கும் ஹோலிஸின் அறைக்குப் போனேன். என் கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

“ஹோலிஸ், லவெலுக்கு முப்பது நாள் என்னைக்கு முடியுது?”

“எந்த முப்பது நாள்?”

சொன்னேன். கடிக்கப்போன போன்ச்கியை அவள் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

“பெர்னி, அந்த விதியை மாத்தி ரொம்ப வருஷமாச்சே. டில்லார்ட் மாதிரி ஆளுங்க பண்ண தந்திரத்தாலதான் மாத்தினாங்க. அனுப்பின ஆளை அதே சீசன்ல பழைய அணி எடுக்கவே கூடாது. இனி ஜூலைலதான்.”

“எங்கிட்ட யாரும் சொல்லலையே.”

“கால் கட்டறவங்களுக்கு இதெல்லாம் எதுக்குன்னு விட்டிருப்பாங்க.”

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னாள். அதுதான் சுட்டது.

அவனுக்குப் போன் செய்தேன். விமான நிலையத்தில் இருந்தான். “மிஸ் பெர்னி! ஏறப் போறேன். என் செருப்பு பத்திரமா இருக்கா?”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பின்னால் விமான அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“ஜூலையா?” என்றான் கடைசியில்.

“ஜூலை.”

“அதுக்குள்ள ஜூன் முடிஞ்சுடுமே.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் போனை அவன் எடுக்கவில்லை. வேறு இரண்டு அணிகள் கூப்பிட்டும் போகவில்லை என்று அவன் மனைவிதான் சொன்னாள். வேறு சட்டை போட்டுக்கொண்டு இந்த ஊருக்குள் வரமாட்டானாம். காலையில் வாசல் பனியை வாரிக் கொட்டுகிறானாம், பக்கத்து வீட்டுப் பனியையும் சேர்த்து. பிறகு பந்தை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறானாம். பந்து தட்டும் சத்தமே வெளியில் கேட்பதில்லையாம்.

குவார்ல்ஸ் ஐந்தரைக்கு வருவான். காதில் பாட்டு. வலது காலைத்தான் முதலில் நீட்டுவான். கட்டி முடித்ததும் ஒவ்வொரு முறையும் “தேங்க்ஸ், மேடம்” என்பான். கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவனாக இருந்திருந்தால் மனதாரத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லை, நல்ல பிள்ளை. புள்ளிகளை அள்ளிக் குவித்தான். ஏப்ரலில் ஜெயித்தோம், மே மாதமும் ஜெயித்தோம். ஊரே கொண்டாட்டத்தில் தெருவில் கிடந்தது. நானோ தினமும் ஐந்து பத்துக்குக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரமாட்டான் என்று தெரிந்தும் கழுத்து தானாகத் திரும்பியது.

ஜூன் வந்தது. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், எங்கள் ஊரில். ஐந்து பத்துக்குக் கதவு திறந்தது.

சாம்பல் நிறக் கோட்டு, பளபளக்கும் தோல் ஷூ, கழுத்தில் பார்வையாளர் அட்டை. வாசலில் அவனைப் பதினான்கு வருஷம் கட்டிப்பிடித்து உள்ளே விட்ட காவலாளி, இன்று நோட்டில் பெயர் எழுதச் சொல்லியிருக்கிறான். லவெல் மேசையில் ஏறி உட்கார்ந்தான். இடது ஷூவைக் கழற்றினான், காலுறையை உருவினான், காலை நீட்டினான்.

“இன்னும் கோவமாடா?”

“மூணு மாசம் இருந்துச்சு. முட்டி வலியையும் அதையும் சேத்துத் தூக்க முடியல, கோவத்தை இறக்கி வெச்சுட்டேன்.”

“நான்தான்டா உன்னை அனுப்பினேன்.”

“ஆமா, நீங்கதான்,” என்றான். “கட்டுங்க, மிஸ் பெர்னி.”

கட்டினேன். பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெளியே அரங்கம் நிரம்பும் இரைச்சல் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டான். வலது காலைத் தொடங்கியபோது குவார்ல்ஸ் வாசலில் வந்து நின்றான். எங்களைப் பார்த்ததும் காதிலிருந்ததைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

“என் மேசைக்கா வர்ற, பொடியா?” என்றான் லவெல், கண்ணைத் திறக்காமல். “வரிசையில நில்லு.”

“நிக்கறேன், பெரிசு. நீ மெதுவா முடி.”

முடித்தேன். லவெல் இறங்கித் தோல் ஷூவுக்குள் காலை விட்டான். டேப்பின் தடிமனுக்கு அது போகவில்லை. இன்னொருமுறை அழுத்திப் பார்த்தான்.

“பிரிச்சுடட்டுமா?”

“வேணாம்.”

அலமாரியைத் திறந்து, டேப் சுருள்களுக்குக் கீழே இருந்த நீலச் செருப்பை எடுத்து அவன் காலடியில் வைத்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மாட்டிக்கொண்டான். ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டு, “பத்தொன்பதாவது வரிசை,” என்றான். களத்துக்குப் போகும் வழியைத் தாண்டி நடந்து, பார்வையாளர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

குவார்ல்ஸ் மேசையில் ஏறினான். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அவன் காலை இரண்டு தடவை பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது.