இருவாய்ச்சியின் மண்கதவு

கதிரவன் மரவுச்சிகளைத் தொட்டு ஒளிபரப்பிய இளங்காலையில், நூற்றாண்டு கண்ட அந்தப் பூங்காவின் இரும்புவாயில் திறந்துகொள்ள, ஒருபுறம் அரிமாவின் முழக்கமும் மறுபுறம் மகிழம்பூ மணமும் வருவோரை எதிர்கொண்டன. நடுவே நீண்ட செங்கல் மதிலுக்கு இப்பால் விலங்குகளும் அப்பால் மரஞ்செடிகளும், நெடுநாள் அண்டைவீட்டாரைப் போல ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்ந்துவந்தன. அறிவுசால் வாசகரே, நீர் அங்கே நுழைந்திருப்பின் உம் கவலைகளை வாயிலிலேயே விட்டிருப்பீர்.

ஆயினும் அன்று ஒருவர் கவலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நுழைந்தார். பதினான்கு ஆண்டுகள் பாம்புக்கூடத்தில் பணியாற்றிப் 'பாம்புக்காரர்' என்றே பெயர்பெற்று, இரு திங்களுக்கு முன்னர்ப் பறவைக்கூடத்துக்கு மாற்றப்பட்ட காவலர் அவர். அவர் பொறுப்பிலிருந்த இருவாய்ச்சி என்னும் பேரலகுப் பறவை இணையில் பெட்டையை நான்கு நாளாகக் காணவில்லை. கம்பிவலையின் கிழிசல் வழியே அது பறந்துபோயிற்றென்று நம்பிய அம்மனிதர், நண்பகலுக்குள் கண்டுபிடியாவிடில் பணியைத் துறப்பதாகக் கண்காணிப்பாளரிடம் எழுதியே கொடுத்துவிட்டார். மகப்பேற்று மருத்துவமனையில் செவிலியாகிய அவர் மனைவி, கணவருக்குத் துணையாகத் தேட விடுப்பெடுத்து வந்திருந்தார்.

ஆனால் அம்மையாரோ, மணமாகிப் பத்தாண்டாகியும் அப்பூங்காவைக் கண்டவரல்லர். மூங்கிற்புதரைத் தடவியும், கண்ணாடி மனையில் ஈரங்கசியும் பெரணிகளை முகர்ந்தும், குளத்து அல்லியிலைகளைக் கண்டு கைகொட்டியும் குழந்தையாகவே மாறிப்போனார்.

"ஐயோ, இந்த இலையைப் பாருங்களேன்! நம்ம சாப்பாட்டு மேசையைவிடப் பெருசு!"

"ஏம்மா, பறவையைத் தேட வந்தோமா, இலையை அளக்க வந்தோமா?" என்றார் கணவர், அண்ணாந்த தலையை இறக்காமலே.

"கழுத்து சுளுக்கிக்கப் போகுது. கொஞ்சம் கீழயும் பாருங்க."

மரமரமாய்த் தேடிக் களைத்து, நண்பகல் நெருங்கவே, இருவரும் இருவாய்ச்சிக் கூண்டுக்குத் திரும்பினர். கூண்டுக்குள்ளே நின்ற பட்டமரத்தின் பொந்து சேற்றுப்பூச்சால் அடைபட்டு, நடுவே விரற்கடைப் பிளவொன்றே எஞ்சியிருந்தது. மண்பூச்சென்றால் புற்றென்றே எண்ணிப் பழகிய பாம்புக்காரரின் கண்ணுக்கு அது கறையானின் வேலையாகவே பட்டது. அவர் சுரண்டியை எடுத்தார்.

"அடுத்து வர்றவர் என்னைத் திட்டக்கூடாது. இதைச் சுரண்டிச் சுத்தம் பண்ணிட்டுக் கிளம்பறேன்."

அவ்வேளை ஆண்பறவை அத்திப்பழமொன்றைக் கவ்விப் பறந்துவந்து, அப்பிளவில் நுழைத்து, உடனே அடுத்த பழத்துக்கு விரைந்தது. அம்மையார் கணவரின் கையைப் பற்றி நிறுத்தினார்.

"கையை எடுங்க! அது யாருக்குக் கொடுக்குது?"

"ஒளிச்சு வைக்குதோ என்னவோ."

"நல்லாப் பாத்தீங்க போங்க! எங்க வார்டு ஜன்னல்கிட்ட தூக்குச்சட்டியோட நிக்கற புருஷன்மாரை நான் தினமும் பாக்கறேன். அதே முழி, அதே பதட்டம்! உள்ள இருக்கறது கறையான் இல்லீங்க, அதோட பெண்டாட்டி!"

மறுமுறை பழம் வந்தபோது, பிளவினின்று மஞ்சள் அலகின் நுனியொன்று மெல்ல நீண்டு அதை வாங்கிக்கொண்டது. நாகத்தின் சீற்றத்துக்கும் நடுங்காத பாம்புக்காரர், சுரண்டியை நழுவவிட்டு, சிரிப்பும் கண்ணீருமாய் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டார். எத்துணைப் பேறு! ஒரு நொடி பிந்தியிருந்தால் ஒரு தாயின் கதவைத் தம் கையாலேயே உடைத்திருப்பார்.

ஓசை கேட்டு ஓடிவந்த கண்காணிப்பாளர், பன்னீராண்டாய்க் கூடுகட்டாத இணையின் பெட்டை, பொந்துக்குள் தன்னை மண்ணால் அடைத்துக்கொள்ளும் தன் இனவழக்கப்படி அடைகாப்பதைக் கண்டு வாய்பிளந்து நின்றார். பின்னர்ச் சட்டைப்பையிலிருந்து விலகல் மடலை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க, உங்க கடுதாசி. குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் நீங்க எங்கயும் போகக்கூடாது. சொல்லிட்டேன்."

பாம்புக்காரர் மடலைத் திருப்பி, அதன் வெற்றுப்புறத்தில் பெரிய எழுத்துகளால் எழுதிக் கூண்டின் முகப்பில் கட்டினார்: "உள்ளே தாய் இருக்கிறாள். அமைதி காக்க."

தொலைந்ததென்று நாம் அழுத ஒன்று, அருகிலேயே ஓர் உயிரை அடைகாத்திருந்ததை அறியும் நாள் வாழ்வில் சிலமுறையே வாய்க்கும். இவ்வாரவாரத்தை ஒருபொருட்டாகவும் எண்ணாத அந்த ஆண்பறவை, அடுத்த பழத்தோடு மண்கதவுக்கு விரைந்துகொண்டிருந்தது.