தோட்டாவை விழுங்காத துப்பாக்கி

1

இந்தக் கதை என் மனைவி இளவரசியின் அண்ணன் வீட்டில், சாப்பாட்டு இலைக்கு முன்னால் பிறந்தது. வஞ்சிரம் வறுவலை என் இலையில் வைத்தபடி மச்சான் தேவநாதன் சொன்னார்: “மாப்ள, எதெதுக்கோ கதை எழுதுற. நம்ம துப்பாக்கியப் பத்தி ஒண்ணு எழுதேன். கடைசில வெடிக்கிற மாதிரி முடிச்சிடு.”

கை கழுவப் பின்பக்கம் போனேன். அவர் மனைவி வனஜா சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள். “அண்ணே, எழுதறதுன்னா எழுதுங்க. ஆனா அது வெடிக்கக் கூடாது.”

இருவருக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். வறுவல் அப்படி இருந்தது.

கதையில் துப்பாக்கி வந்தால் முடிவதற்குள் அது வெடித்தே ஆக வேண்டும் என்று இலக்கியம் படித்தவர்கள் சட்டம் வைத்திருக்கிறார்கள். நல்ல சட்டம்தான். முதலில் தோட்டா உள்ளே போக வேண்டுமே என்கிற கவலை அவர்களுக்கு வந்ததில்லை.

2

முதல் தொடக்கம்: ‘தென்பெண்ணையாற்றின் நீரலைகளில் மாலைச் சூரியன் மெல்ல—’

(வேண்டாம். ஆற்றில் நீரலை கிடையாது. மணல் இருந்தது, இப்போது அதுவும் பாதிதான்.)

இரண்டாவது: ‘அந்த ரைபிளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து—’

(வருடம் தெரியாது. மச்சானைக் கேட்டால் காலையில் ஒன்று சொல்வார், மாலையில் ஒன்று சொல்வார்.)

மூன்றாவது: ‘தேவநாதன் போல்ட்டை முன்னால் தள்ளினார். அது மூடவில்லை.’

இது இருக்கட்டும்.

குருவிநத்தத்தில் தேவநாதன் நெல்லும் கரும்பும் வைப்பவர். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். பட்டாளம் போதுமென்று கழித்துக்கட்டிய ரைபிள்களில் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அம்மன் கோயில் தீமிதியில் அந்த ரைபிளில் ஒரு வெடி கேட்ட பிறகுதான் முதல் ஆள் நெருப்பில் கால் வைப்பார். குண்டு கிடையாது, சத்தம் மட்டும் போடும் வெற்றுத் தோட்டா. வெடித்தவர் தலைக்கு முதல் பரிவட்டம்.

தேவநாதனின் பேச்சை வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஊர்க்கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் பலருக்கு அப்போதுதான் போன் வரும். வருடத்தில் அந்த ஒரு நொடி மட்டும் ஊரே அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்காகத்தான் மனிதர் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

போன வருடம் வெடித்தபோது புகை பின்பக்கமாகச் சீறி அவருடைய வலது புருவத்தைப் பொசுக்கிவிட்டது. அம்மனே தொட்டுப் பார்த்தாள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வனஜா தினமும் அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

இந்த வருடக் கூட்டத்தில் கரும்புத்தோட்டத்து சிவப்பிரகாசம் எழுந்தார். “பழைய சாமான்பா அது. இந்த வாட்டி வெடிக்கலன்னா நான் அதிர்வேட்டு போட்டுக்கறேன். பரிவட்டமும் இந்தப் பக்கம் வந்துடட்டும்.” எல்லோரும் தலையாட்டினார்கள். தேவநாதனும் ஒரு வீறாப்பில் ஆட்டிவிட்டார்.

மறுநாள் எண்ணெய் போட ரைபிளை எடுத்தார். தோட்டாவை வைத்துத் தள்ளினார். மேலே இருக்கிறதே மூன்றாவது தொடக்கம், அதுதான் நடந்தது.

3

தோட்டா முக்கால்வாசி போனது, பிறகு நின்றுவிட்டது. தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற போல்ட்டின் கைப்பிடி கீழே மடங்க மாட்டேன் என்றது. தோட்டாவில்தான் கோளாறு என்று பிஸ்கட் டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டார். அதுவும் அதே இடத்தில் நின்றது. தோட்டா இல்லாமல் தள்ளினால் போல்ட் சமர்த்தாக மூடிக்கொண்டது.

எதிர்வீட்டுப் பக்கிரி வந்தார். ஒரு காலத்தில் ஊர்க்காவல் படையில் இருந்தவர், அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. “இந்த போல்ட்டே உன்னுது இல்லபா. எலெக்சனுக்கு ஸ்டேஷன்ல குடுத்தியே, அங்க மாறிப் போயிருக்கும்.”*

போல்ட்டில் பொறித்திருந்த நம்பரையும் ரைபிளில் இருந்த நம்பரையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றே.

“இன்னாபா இது, ஒரே நம்பரா கீதே!” என்றார் தேவநாதன்.

“நம்பரையும் சேத்து மாத்தியிருப்பானுங்க,” என்றார் பக்கிரி.

(* தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கதைக்கு இது தேவையில்லை. இதைச் சேர்க்காவிட்டால் பக்கிரி என்னோடு பேச மாட்டார்.)

அடுத்து, டிராக்டர் மெக்கானிக் வீரமணி மரச்சுத்தியோடு வந்தான். “டைட்டுதான்ணே. ஒரே தட்டு, உக்காந்துடும்.” உள்ளே தோட்டா இருந்தது. தேவநாதன் ரைபிளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே பிடிக்கிறது என்று பார்க்க முகத்தை அதன் மேலேயே கவிழ்த்திருந்தார். வீரமணி சுத்தியை ஓங்கினான்.

வனஜா ஓடிவந்து கதறி அழுது, அவர் காலில்—

(இப்படித்தான் எழுதியிருந்தேன். போனில் வாசித்துக் காட்டியதும், “நான் எங்கண்ணே அழுதேன்?” என்றாள். அடித்துவிட்டேன்.)

வனஜா கரண்டியோடு வந்து நின்றாள். “கைய எடுறா வீரமணி! அவரு மூஞ்சி அங்க இருக்கறது கண்ணுக்குத் தெரியல?”

வீரமணி எடுத்துவிட்டான். கரண்டியில் கொதிக்கும் குழம்பு இருந்தது.

4

வனஜா தேவநாதனைத் தோட்டாவை வெளியே எடுக்கச் சொன்னாள். மகள் அர்ச்சனாவின் போனை வாங்கி டார்ச்சைப் போட்டு, திறந்திருந்த ரைபிளுக்குள் காட்டினாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, தோட்டா உட்காரும் இடத்தில் விட்டுச் சுரண்டினாள். தேடவேயில்லை, நேராக அங்கேதான் போனாள். மஞ்சளாக ஒரு பொருக்கு உதிர்ந்து தரையில் விழுந்தது. கூடத்தில் கோயில் வாசனை வந்தது.

சந்தனம். ஆயுத பூஜை சந்தனம்.

இந்த வீட்டில் ஆயுத பூஜை என்றால் அரிவாள், மோட்டார் ஸ்டார்ட்டர், மிக்ஸி எதுவும் பொட்டுக்குத் தப்பாது. அர்ச்சனாவின் லேப்டாப்பில் ஒரு பட்டன் அன்றைக்கு உள்ளே போனது, இன்னும் மேலே வரவில்லை. ரைபிளுக்கும் கட்டையில் ஒன்று, குழல் வாயில் ஒன்று என்று பொட்டு வைப்பது வழக்கம்தான். ஆனால் இது விரல் போகும் ஆழத்தில், அடையாக அப்பிக் காய்ந்து கல்லாகியிருந்தது. தோட்டா எப்படிப் போகும்?

“உள்ள இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் தேவநாதன்.

“பொட்டு வெக்கிறது நீங்களா, நானா?”

பிறகொரு நாள் சாப்பிடும்போது நான் தனியாக அவளிடம் கேட்டேன்: “தெரிஞ்சேதான் வெச்சியாம்மா?”

“இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமாண்ணே?” என்றாள்.

வாசகரே, உங்களுக்குப் புரிந்திருக்கும். புருவம் பொசுங்கிய பிறகு வந்த முதல் ஆயுத பூஜை அது. வெடிக்காத துப்பாக்கி யார் முகத்தையும் பொசுக்காது என்று அவள் கணக்குப் போட்டாள். வீரமணியின் சுத்தி அந்தக் கணக்கில் இல்லை. புருஷனைக் காப்பாற்ற அடைத்ததை, புருஷனைக் காப்பாற்றவே அவள் தன் கையால் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கிண்டலாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

5

முடிவு அ: வெடிக்கிறது. பரிவட்டம். சிவப்பிரகாசத்தின் முகம் வாடுகிறது. மச்சானுக்குப் பிடிக்கும்.

முடிவு ஆ: வெடிக்கிறது, பின்பக்கமாக. (இளவரசி இதைப் படித்துவிட்டாள். இன்று எனக்குக் காபி இல்லை.)

முடிவு இ: வெடிக்கவில்லை, சிவப்பிரகாசத்தின் அதிர்வேட்டும் நமுத்துப்போகிறது. நியாயமான முடிவு, அதனால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நிஜத்தில் நடந்தது இவ்வளவுதான். தீமிதியன்று காலை ரைபிளுக்குப் பூஜை. சுத்தம் செய்த பிறகு தோட்டா வழுக்கிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. தோட்டாவை எடுத்துத் தட்டில் வைத்திருந்தார்கள். வெளியே பம்பை அடிக்கத் தொடங்கியிருந்தது. வனஜா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

வழக்கமாக மூடிய ரைபிளைத்தான் தேவநாதன் பொட்டுக்கு நீட்டுவார். அன்றைக்கு போல்ட்டைத் தூக்கி, முழுக்கப் பின்னால் இழுத்து, திறந்த வாயோடு அவளிடம் நீட்டினார். வலது புருவம் இன்னும் பாதிதான் முளைத்திருந்தது.

“வெய்,” என்றார்.

“எங்க?”

“உனக்கு எங்க தோணுதோ, அங்க.”

பக்கிரி வாசலிலிருந்து நேரமாகிறது என்று கத்தினார். வனஜாவின் விரல் நுனியில் சந்தனம். விரலுக்கு இந்தப் பக்கம் மரக்கட்டை, அந்தப் பக்கம் திறந்த துளை. அவள் ரைபிளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். அவர் ரைபிளை நீட்டியபடியே நின்றார்.

மச்சானுக்கு ஒரு முடிவை வாக்குக் கொடுத்திருக்கிறேன், வனஜாவுக்கு இன்னொன்றை. அந்த வீட்டில் நான் இன்னும் எத்தனையோ முறை சாப்பிட வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவள் விரலை நீங்களே நகர்த்துங்கள்.