நிற்காத கிண்ணம்

தன் கணவர் இறந்த மதியம் ஒலி சிகிச்சைக்காரி தட்டிய வெண்கலக் கிண்ணம் ஆறு வருடம் நிற்காமல் ஒலித்தது. சிகிச்சை முடிந்ததும் உள்ளங்கையை வைத்து ஓசையை அடக்குவது அவள் தொழில் வழக்கம். அன்று மட்டும் வைக்கவில்லை. கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்; வேலையை விட்ட பிறகும் சைரன் அவர் காதைவிட்டு இறங்கவில்லை, படுத்தால் தூக்கம் பிடிக்காது. ஊரையே தூங்கவைப்பவளுக்கு வீட்டு மனிதரைத் தூங்கவைக்கத் தெரியவில்லையே என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அந்த மதியம் கிண்ணம் ஒலிக்க ஒலிக்க அவர் கண் சொருகியது. ஓசை நின்றால் விழித்துவிடுவாரோ என்று அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் விழிக்கவேயில்லை. நிறுத்தினால் அவர் போனது உறுதியாகிவிடும் என்று பயந்து, அதற்குப் பிறகும் அவள் கிண்ணத்தைத் தொடவில்லை.

செய்தி பரவி ஜனங்கள் வந்தார்கள். தலைவலிக்காரர்களும் ரத்தக்கொதிப்புக்காரர்களும் பாயில் சாய்ந்த மாத்திரத்தில் குறட்டை விட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரருக்குக் கைநடுக்கம் நின்றது. தூக்க மாத்திரை வியாபாரம் படுத்துவிட்டதால் மருந்துக்கடைக்காரரும் வந்து ஒரு மூலையில் படுத்துக்கொண்டார். எழுந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டு போனார்கள். சிலர் கிண்ணத்துக்கு நன்றி சொன்னார்கள். அவளிடம் பேசியதெல்லாம், "அக்கா, கொஞ்சம் மெதுவா நடங்க, தூங்குறாங்கல்ல" என்பது மட்டும்தான். சொந்த வீட்டில் அவள் நுனிக்காலில் நடந்தாள். தட்டியவளுக்கு மட்டும் அந்த ஓசை வேலை செய்யவில்லை. இத்தனை பேர் குறட்டைக்கு நடுவே தனியாக விழித்துக்கிடப்பதை நினைத்தால் அழுகை வரும். அழுதால் சத்தம் கேட்கும் என்று அடக்கிக்கொள்வாள்.

பிறகு ஒரு நாள் வெளியூரிலிருந்து நாத்தனார் வந்தாள். அண்ணன் சாவுக்கு வர முடியாமல் போனவள். செருப்பைக் கழற்றியதும், "அண்ணி, இத்தனை வருஷமா ஒண்ணு கேக்கணும்னு மனசுலயே வெச்சிருக்கேன். அண்ணன் கடைசியா என்ன..." என்றபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவரைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் வந்தது அதுதான் முதல் முறை. உலுக்கினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள், தூக்கம் கலையவில்லை. கொஞ்ச நேரம் நாத்தனாரின் முகத்தையே பார்த்தாள். மூக்கு அப்படியே அவருடையது. பிறகு போய்க் கிண்ணத்தின்மேல் கையை வைத்தாள்.

பாய்களில் கிடந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, முணுமுணுத்தபடி கலைந்தார்கள். நாத்தனார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"...என்ன சொன்னாரு அண்ணி?"

"நல்லாருக்கு, நிறுத்திடாதன்னாரு."

சொல்லிவிட்டு, ஆறு வருடத்து அழுகையையும் சேர்த்து வாய்விட்டு அழுதாள். நாத்தனார் அவள் வலது கையைப் பிடித்தாள். ஓசை எங்கும் போகவில்லை. அந்த உள்ளங்கைக்குள் ஏறியிருந்தது.

இப்போது தலைவலிக்காரர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். வலி இறங்குகிறது, ஆனால் தூக்கம் வருவதில்லை. ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? மாமியார் கொடுமை, முதலாளி கொடுமை என்று பேசித் தீர்க்கிறார்கள். அவளும் அவரைப் பற்றிச் சொல்கிறாள். மிச்சமிருக்கும் இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு அவளால் சமைக்க முடியாது என்பதால் நாத்தனார் ஊருக்குத் திரும்பவில்லை.